ஊரில் ராஜி ஆகிவிட்டது, கோர்ட்டில் வழக்கு நிற்கிறதே?

கேள்வி: ஐயா, தஞ்சாவூர் மாவட்டத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. 2023 ஏப்ரலில் வாய்க்கால் தகராறில் எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாகிவிட்டது. அண்ணனின் இளைய மகன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் என் மகனுக்குத் தலையில் நாலு தையல். அப்போது அவனுக்கு 17 வயது. நான் கொடுத்த புகாரில் அண்ணன், அவருடைய இரண்டு மகன்கள் ஆகிய மூவர் மீதும் 294(பி), 323, 324, 506(2) பிரிவுகளில் வழக்கு. அவர்கள் கொடுத்த புகாரில் என் மீதும் என் தம்பி மீதும் 294(பி), 323. இரண்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கின்றன. சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. போன மாதம் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்துவிட்டோம். வைத்தியச் செலவுக்கு 50,000 ரூபாய் தருகிறார்கள். ஸ்டேஷனில் வாபஸ் எழுதிக் கொடுக்கப் போனால் ‘கோர்ட்டுல பாத்துக்குங்க’ என்கிறார்கள். கோர்ட்டில் ஒருவர் ‘சாட்சிக் கூண்டில் மாத்திச் சொல்லிடுங்க’ என்கிறார். இன்னொருவர் ‘மதுரைக்குத்தான் போகணும்’ என்கிறார். அண்ணனின் மூத்த மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இளையவன் போலீஸ் வேலைக்கு எழுதப் போகிறான். எது சரியான வழி?

பதில்: மதுரைக்கு, அதாவது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு, போகச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள். கூண்டில் மாற்றிச் சொல்லச் சொன்னவர் உங்கள் அண்ணன் மகனின் வேலைக்கே உலை வைக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஸ்டேஷன். புகார் மனு ரசீது நிலையில், அதாவது சி.எஸ்.ஆர். மட்டும் போட்டிருந்த நாட்களில் நீங்கள் சமாதானமாகியிருந்தால், இரு தரப்பிடமும் எழுதி வாங்கி அங்கேயே முடித்திருப்பார்கள். எப்.ஐ.ஆர். பதிவான பிறகு வழக்கு அரசு தரப்பின் கைக்குப் போய்விடுகிறது. வழக்கின் தலைப்பைப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் மூலம் அரசு என்றுதான் இருக்கும். நீங்கள் அதில் புகார்தாரர், முதல் சாட்சி, அவ்வளவுதான். உங்கள் வழக்கில் குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. இனி ஸ்டேஷனில் நீங்கள் எதை எழுதிக் கொடுத்தாலும் அவர்களால் வழக்கை மூட முடியாது. அந்த வகையில் அவர்கள் சொன்னது நியாயமான பதில்தான்.

அடுத்து மாஜிஸ்திரேட் கோர்ட். சில குற்றங்களை மட்டும் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்து முடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 359-ம் பிரிவு. பட்டியலில் இரண்டு வகை. சிலவற்றுக்குக் கோர்ட் அனுமதிகூட வேண்டாம், 323 (சாதாரணக் காயம்) அப்படிப்பட்டது. 325 (கொடுங்காயம்), 406 (நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்) போன்றவற்றுக்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். சமரசம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம். உங்கள் வழக்கில் 323-ம் மிரட்டலுக்கான 506-ம் பட்டியலில் இருக்கின்றன. ஆயுதத்தால் காயம் உண்டாக்கிய 324 ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. 294(பி), அதாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, எப்போதுமே பட்டியலில் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் தெருச்சண்டை எப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் முதல் வரியில் 294(பி) உட்கார்ந்திருக்கும். சண்டையில் கெட்ட வார்த்தை வராமல் இருக்காது என்பதாலோ, பழக்கத்தாலோ, போட்டுவிடுகிறார்கள். அதற்கு உச்சபட்சத் தண்டனையே மூன்று மாதம்தான். எலும்பு முறிந்த 325 வழக்கை உள்ளூர் கோர்ட்டிலேயே அனுமதி வாங்கி ராஜியாக முடிக்கலாம். கெட்ட வார்த்தைக்குப் போட்ட வழக்கை முடிக்க உயர் நீதிமன்றம் போக வேண்டும். விசித்திரம்தான். ஆனால் பட்டியலில் இல்லாததை சமரசம் செய்யக் கூடாது என்று அந்தப் பிரிவே கண்டிப்பாகச் சொல்லிவிடுவதால் மாஜிஸ்திரேட் என்ன நினைத்தாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் மீதுள்ள எதிர்வழக்கும் இதே 294(பி)-யால்தான் அங்கே முடியாமல் நிற்கும். லோக் அதாலத்துக்கும் இதே தடை உண்டு. பட்டியலில் இல்லாத குற்றம் அங்கே எடுபடாது.

அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெற ஒரு பிரிவு (321) இருக்கிறது. பங்காளிச் சண்டைக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

இனி, பிறழ்சாட்சி யோசனை. கோர்ட் வராந்தாவில் மலிவாகக் கிடைக்கும் யோசனை இது. சத்தியம் செய்துவிட்டு, ‘யார் அடித்தார்கள் என்று தெரியாது’ என்று நீங்களும் உங்கள் மகனும் சொல்ல வேண்டும். பொய்ச் சாட்சி ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். நடவடிக்கை எடுப்பது அபூர்வம் என்பது உண்மைதான், ஆனால் எடுக்க முடியாது என்பதில்லை. தவிர, உங்கள் முறை வரும்வரை வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும்.

போலீஸ் வேலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் போலீஸ் பணிக்கான விதிகளில் ஒரு விளக்கம் இருக்கிறது: சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சியாகிப் போனதாலோ விடுதலையானவரை, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று. நீங்கள் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கூண்டில் மாற்றிச் சொன்னால், தீர்ப்பில் ‘பிறழ்சாட்சி’ என்ற சொல் ஏறி அவன் கழுத்திலேயே கட்டப்பட்டுவிடும். உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்யும்போது அந்தச் சொல் வராது. அதற்காக, ரத்தானால் வேலை உறுதி என்று நம்பிவிடவும் வேண்டாம். தேர்வு வாரியம் விவரத்தைப் பரிசீலிக்கவே செய்யும். அதிலும் அடித்தவன் என்று பெயர் இருப்பது இவன் மேல்தான். விண்ணப்பத்தில் ‘உங்கள் மீது வழக்கு இருந்ததா’ என்ற கேள்விக்கு, ரத்தான பிறகும் ‘ஆம்’ என்று எழுதி உத்தரவு நகலை இணைக்கச் சொல்லுங்கள். வழக்கால் வேலை போனவர்களைவிட மறைத்ததால் வேலை போனவர்கள் சண்டை போட்டுத் திரும்பப் பெறுவது கடினம். அவ்தார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை விரிவாக அலசியிருக்கிறது. முடிந்தவரை, போலீஸ் சரிபார்ப்பு வருவதற்கு முன்பே உத்தரவு கையில் இருக்க வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில் உங்கள் வழக்கு எடுபடுமா? எடுபடும் வகைதான். பட்டியலில் இல்லாத குற்றமானாலும், தகராறு தனிப்பட்ட தன்மை உள்ளதாக இருந்து, தரப்புகள் மனமொப்பிச் சமாதானமாகி, இனி தண்டனைக்கு வாய்ப்பே குறைவு என்றால் உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் வழக்கை ரத்து செய்யலாம் என்பது கியான் சிங் வழக்கில் (2012) மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த வழி. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவை, ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகள் இதற்கு வெளியே. மாணவி மீதான பாலியல் சீண்டல் வழக்கை, பெற்றோருடன் சமரசம் ஆனது என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லிவிட்டது. ‘காசு கொடுத்தால் எதையும் முடிக்கலாம்’ என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நரிந்தர் சிங் வழக்கில் (2014) கொலை முயற்சி வழக்குக்கே அளவுகோல் சொன்னார்கள்: காயம் உடலின் எந்த இடத்தில், எந்த ஆயுதத்தால், எவ்வளவு ஆழம், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது. போலீஸ் விசாரணை நிலையிலேயே இருந்தால் தாராளம், சாட்சி தொடங்காத நிலையிலும் கனிவு, சாட்சி எல்லாம் முடிந்து தீர்ப்புக்கு நிற்கும்போது தயக்கம். ஆகவே உங்கள் கையில் நேரம் இருக்கிறது. ஆனால் முதல் சாட்சி கூண்டேறும் முன் மனு போட்டுவிடுங்கள். லட்சுமி நாராயண் வழக்கில் (2019) எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பழைய வழக்குகளையும், அவர் தலைமறைவாக இருந்தாரா என்பதையும் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கடைசி விஷயம் சிங்கப்பூர் பிள்ளையைத் தொடும்.

அவன் வாய்தாவுக்கு வராததால் பிடிவாரண்ட் பிறந்திருக்கிறதா என்று இன்றே வழக்குக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் முதலில் அதைத் திரும்பப் பெற மனுப் போட வேண்டும். வாரண்டோடு மதுரைக்குப் போனால் அரசு தரப்பு எழுந்து சொல்லும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவனுடைய பிரமாணப் பத்திரத்தில் அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் (தூதரகம்) சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். நேரில் வர முடியாததற்குக் காரணம் சொல்லி, காணொலி மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம். அவனை விட்டுவிட்டு மற்ற இருவருக்கு மட்டும் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வழக்கு அவன் ஒருவன் பேரில் தனியாக நின்று, பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது முன்னால் வந்து நிற்கும்.

தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்கள் 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளையின் எல்லையில் வருகின்றன. பக்கத்துத் திருவாரூர்க்காரர் சென்னைக்குப் போக வேண்டும். உறவுக்காரர் முடித்த வழக்கைப் பார்த்து நீங்களும் சென்னைக்கு வண்டி ஏறிவிடாதீர்கள். சம்பவம் 2023-ல் நடந்ததால் குற்றப் பிரிவுகள் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப்படியே இருக்கும். ஆனால் இப்போது போடும் ரத்து மனு புதிய சட்டத்தின் 528-ம் பிரிவின் கீழ். பழைய 482 அதுதான்.

இரண்டு வழக்குக்கும் இரண்டு தனி மனு. உங்கள் புகார் வழக்கில் அண்ணனும் மகன்களும் மனுதாரர்கள். இன்ஸ்பெக்டரும் நீங்களும் எதிர்மனுதாரர்கள். எதிர்வழக்கில் நீங்களும் தம்பியும் மனுதாரர்கள். இரண்டும் ஒரே நாளில் ஒன்றாகப் பட்டியலிடப்பட வேண்டும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று ரத்தாகி மற்றொன்று தள்ளிப்போய், இடையில் வீட்டில் ஒரு பேச்சு வந்து, ராஜியே கலைந்த கதைகள் ஏராளம்.

மனு தடுமாறும் இடம் பெரும்பாலும் கையெழுத்துதான். புகார் கொடுத்தவர் நீங்கள், ஆனால் அடிபட்டவர் உங்கள் மகன். சமரசம் செய்யும் உரிமை காயம்பட்டவருக்கு. அப்போது அவனுக்கு 17 என்பதால் அன்றே முடித்திருந்தால் அவன் சார்பில் நீங்கள் கோர்ட் அனுமதியோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். இப்போது அவன் மேஜர். அவனை மூன்றாம் எதிர்மனுதாரராகச் சேர்த்து, அவன் கையெழுத்தோடும் தனிப் பிரமாணப் பத்திரத்தோடும் போங்கள். குற்றப்பத்திரிகையில் வேறு யாருக்காவது காயம் என்று இருந்தால், ஒரு கீறலாக இருந்தாலும் அவர்களும் கையெழுத்திட வேண்டும். எதிர்வழக்கில் அண்ணன் வீட்டில் யாருக்குக் காயம் என்று எழுதியிருக்கிறதோ அவருக்கும் இதே விதி.

கூட்டு சமரச மெமோவில் இருக்க வேண்டியவை குறைவு: ஸ்டேஷன் பெயர், குற்ற எண், வழக்கு எண், பிரிவுகள், இரு தரப்பும் நெருங்கிய உறவினர்கள் என்பது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சமாதானமானது, வழக்கைத் தொடர விருப்பமில்லை என்பது. ‘புகாரே பொய், கோபத்தில் கொடுத்துவிட்டேன்’ என்று சிலர் எழுதி வாங்குவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். தலையில் தையல் போட்ட ஆவணம் இருக்கும்போது அந்த வரி நீதிபதிக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். நாளை உங்கள் மேல் பொய்ப் புகார் என்று திரும்பவும் வாய்ப்புண்டு. அதேபோல அண்ணன் தரப்பும் ‘அடித்தது உண்மைதான்’ என்று எழுத வேண்டியதில்லை. எப்.ஐ.ஆரில் கூப்பிடும் பெயரும் ஆதாரில் பள்ளிக்கூடப் பெயரும் இருந்தால் ‘என்கிற’ போட்டு இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடையாளம் பார்க்கும் இடத்தில் ஒரு வாய்தா வீணாகும்.

எப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, ஆதார் நகல்களோடு காயச்சான்றையும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். தலைக்காயம் என்ற சொல்லைக் கண்டதும் எந்த நீதிபதியும் நிமிர்ந்து உட்காருவார். ‘சாதாரணக் காயம், எலும்பு முறிவு இல்லை’ என்று டாக்டர் எழுதிய வரி அடுத்த பக்கத்திலேயே இருந்தால் வாதம் பாதி குறையும்.

பணம். கோர்ட்டுக்குத் தெரியாமல் ‘வழக்கை விட்டுவிட இவ்வளவு’ என்று பேசுவது சட்டப்படி செல்லாத ஒப்பந்தம். ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவு இதையே உதாரணமாகச் சொல்கிறது. சமரசம் செய்ய முடியாத குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் தனிக் குற்றங்கள். அதனால் 50,000 ரூபாயை மருத்துவச் செலவுக்கான இழப்பீடு என்று மெமோவிலேயே வெளிப்படையாக எழுதி, உங்கள் மகன் பெயரில் டிமாண்ட் டிராஃப்டாக எடுத்து, விசாரணை நாளில் கோர்ட்டிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். டிராஃப்ட் எண்ணும் தேதியும் உத்தரவில் ஏறிவிடும். ஊர்ப் பெரியவர் கையில் ரொக்கமாகக் கொடுத்து வைப்பது இரு தரப்புக்கும் ஆபத்து. பணம் வாங்கியவர் மதுரைக்கு வராமல் போவதும், உத்தரவு வந்தபின் பாதிப் பணம் நிற்பதும் இந்த ஏற்பாட்டில்தான். தவணை என்றால் கடைசித் தவணைக்குப் பிறகு மனு.

விசாரணை நாளில் ஒரிஜினல் ஆதாரோடு எல்லோரும் போங்கள். ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கும் எஸ்.ஐ. அல்லது எஸ்.எஸ்.ஐ. உங்களை அடையாளம் காட்டுவார். நீதிபதி உங்களையும் உங்கள் மகனையும் நேரடியாகக் கேட்பார்: ‘நீங்களா கையெழுத்துப் போட்டீங்க? யாராவது மிரட்டினாங்களா? பணம் வந்துச்சா?’ வழக்கறிஞரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளதைச் சொன்னால் போதும். உங்கள் மகன் தயங்கினால் மனு அங்கேயே நின்றுவிடும். ஆகவே ராஜியில் அவனுக்கு உண்மையாகவே சம்மதமா என்று வீட்டிலேயே ஒருமுறை கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அரசு தரப்பில் அண்ணன் மகன்கள் மீது வேறு வழக்கு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வார்கள். எல்லோரும் வந்து, ஆவணமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் இது ஒரே விசாரணையில் முடிகிற வகை. போலீஸ், கோர்ட் நேரம் செலவானதற்காக ஒரு தொகையைச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவுக்கோ, ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கோ கட்டச் சொல்வதும் உண்டு. கட்டிய ரசீதைக் காட்டினால்தான் உத்தரவு நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவரை உள்ளூர் வாய்தாவைத் தவறவிடாதீர்கள். ‘மதுரையில் மனுப் போட்டாச்சு’ என்பது வாய்தாவுக்கு வராமலிருக்கக் காரணம் ஆகாது. உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்தது தெரியாமல் கீழ்க் கோர்ட்டில் வாரண்ட் பிறப்பதும், ஸ்டேஷன் பதிவேட்டில் ‘வழக்கு நிலுவை’ என்றே கிடப்பதும் நடக்கும். போலீஸ் சரிபார்ப்பில் உங்கள் அண்ணன் மகனுக்கு இதுதான் வினையாகும்.

வழக்கறிஞர் கட்டணம் இயலாது என்றால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: செக் பவுன்ஸ் வழக்கை முடிக்க இவ்வளவு சுற்று வேண்டாம். அதற்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 147-ம் பிரிவே எந்தக் கட்டத்திலும் சமரசத்தை அனுமதிக்கிறது. தாமதமாக வந்தால் செலவுத் தொகை ஏறும், அவ்வளவே.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை: வாய்க்கால் என்ன ஆனது? குற்ற வழக்கை ரத்து செய்யும் உத்தரவு நில உரிமையைத் தொடாது. ‘தண்ணீர்ப் பிரச்சினை பேசித் தீர்க்கப்பட்டது’ என்று மெமோவில் எழுதிவிட்டால் அடுத்த சாகுபடியில் அதை வைத்து மடை திறக்க முடியாது. தாலுகா அலுவலகத்தில் எப்.எம்.பி. என்கிற புல அளவை வரைபடமும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டின் நகலும் வாங்கி அந்த வாய்க்கால் பட்டா நிலத்திலா, புறம்போக்கிலா என்று பாருங்கள். புறம்போக்கு என்றால் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க ஊர்ப் பெரியவர்களுக்கு அதிகாரம் இல்லை. சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்ற மனுக் கொடுங்கள். பட்டா நிலம் என்றால் எந்த சர்வே எண், எத்தனை அடி அகலம், யார் தூர்வாருவது என்று தனிப் பத்திரமாக எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மதுரைக்குக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.